ரோசம்மா ரயிலேறிய அத்தியாயம்

போடிநாயக்கனூர்,
ஜூன் 14, சனிக்கிழமை.

என் பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

பொன்னுராஜ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பிரின்ஸும் இங்கே சுகமாயிருக்கிறோம். நீயும் ஜெர்மனியில் நர்ஸ் வேலையிலும் படிப்பிலும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசிவிட்டு இந்த மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது பிரின்ஸ் அடுத்த அறையில் இருக்கிறான். நம் வீட்டுச் சுவர் எத்தனை தடிமன் என்று உனக்குத் தெரியும். அவனைப் பற்றி அவன் காதில் விழும்படி எப்படிப் பேசுவது? போனில் எழுதி அனுப்பலாமென்றால், என் போனைச் சரிபண்ணித் தருகிறவனே அவன்தான். அதனால் மதியம் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதிய நாலு கடிதத்துக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பில்தான். பிழை இருந்தால் சிரிக்காதே.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த வருஷம் சாரல் சீக்கிரமே வந்துவிட்டது. காலையில் கடை திறக்கும்போது மலை தெரிவதில்லை, பதினோரு மணிக்குத்தான் முகம் காட்டுகிறது. மழைக்கு முன்னால் கூரை பழுது பார்க்கிறவர்கள் எல்லாரும் வந்துபோய்விட்டார்கள். இனி பெயிண்ட் வாங்க ஆயுத பூஜைக்குத்தான் ஆள் வரும். சபையில் உன் தையல் கிளாஸ் பெண்கள் உன்னை விசாரித்தார்கள். உன் மிளகுக்கொடியைத் தென்னையில் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

இனி பிரின்ஸ். ப்ளஸ் ஒன் சேர்ந்துவிட்டான், கம்ப்யூட்டர் குரூப். ஸ்கூலுக்கு ஒழுங்காகப் போகிறான். சாப்பிடுகிறான். என்னிடம் பேசுவதில்லை. கேட்டதற்கு 'ம்' சொல்கிறான், அவ்வளவுதான். உன்னிடமும் போனில் அதே 'ம்' என்று நீ வருத்தப்படுகிறாய். அவனுடைய பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீ புறப்பட்டாய். அதை அவன் மறக்கவில்லை.

மார்ச்சில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நம்ம நாட்டு ஆளுக எழுதுன கதையா நாலு புத்தகம் அவன் கையில குடுங்க. அவன் போன்ல படிக்கிற கதையில எல்லாம் பனி கொட்டுது, கோட்டை இருக்குது, பறவை நெருப்பு கக்குது. நான் இங்கன பனியில நின்னுக்கிட்டுச் சொல்றேன், அது வெறும் குளிரு. நம்ம ஆளுகளைக் கதையில பார்த்துட்டு அப்புறம் அவன் எங்கன வேணாலும் போகட்டும்" என்றாய். உன் தலைமாட்டில் எப்போதும் ஏதாவது ஒரு நாவல் இருக்கும். நான் அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்து உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எனக்கும் புத்தகத்துக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான். அப்படிப்பட்டவனிடம் இந்த வேலையை ஒப்படைத்தாய்.

முதலில் கடைவீதியில் ஒரு கடையில் கதைப் புத்தகம் கேட்டேன். எட்டு புத்தகம் கட்டிக் கொடுத்தான். பிரின்ஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினான். "அப்பா, எனக்குப் பதினாறு வயசு. இதுல முயல் பேசுது."

அப்புறம் கட்டளை போட்டுப் பார்த்தேன். தினமும் பத்துப் பக்கம் வாசித்தால்தான் போன் என்றேன். ஏலக்காய் ஏலத்தில் விலை கூவுகிற மாதிரி மூச்சு விடாமல் இரண்டு நிமிஷத்தில் பத்துப் பக்கத்தை முடித்துவிட்டுக் கை நீட்டினான். இங்கிலீஷ் மீடியம் பையனாயிற்றே என்று நம் நாட்டுக்காரர் ஒருவர் இங்கிலீஷில் எழுதிய தடிமனான நாவலை மதுரையிலிருந்து வரவழைத்தேன். அது இப்போது டேபிள் ஃபேனுக்கு அடியில் இருக்கிறது. காற்று நன்றாக வருகிறது.

கோபத்தில் ஏன்டா படிக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். "நம்ம ஆளுக எழுதுனா ஒண்ணு அழுகையா இருக்கும், இல்லாட்டி அட்வைஸா இருக்கும். ரெண்டும் வீட்டுலயே கெடைக்குது" என்றான். நீ இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாய். தெரிந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள
பொன்னுராஜ்.


போடிநாயக்கனூர்,
ஆகஸ்ட் 23, சனிக்கிழமை.

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

இங்கே இருவரும் நலம். உன் கடிதம் வந்தது. நம் தபால்காரர் வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, யாரு இந்தக் காலத்துல லெட்டர் போடுறது?" என்று கேட்டார். என் சம்சாரம் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை படித்தேன். பிப்ரவரியில் வரும் அங்கீகாரப் பரீட்சையை எழுதாமலே ஊருக்கு வந்துவிடலாமா என்று யோசிப்பதாகவும், பிரின்ஸின் 'ம்' உன்னைத் தூங்க விடவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. ஆறு வருஷம் ஜெர்மன் பாஷையைப் படித்தவள் நீ. நான் இங்கே ஏதாவது பண்ணுகிறேன். என்ன பண்ணப்போகிறேன் என்று கேட்காதே.

போன வாரம் தேனியில் புத்தகத் திருவிழாவுக்குப் போனேன். கூட்டத்தைப் பார்த்தால் வீரபாண்டித் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு கடையில் இருந்த அம்மா, "பையனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்கள். போன் என்றேன். சிரித்துவிட்டு, "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றார்கள். என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை சுகிர்தம். யோசித்துவிட்டு ரயில் என்றேன். உடனே ரயில் படம் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். மலையாளத்தில் ஒருவர் எழுதி, தமிழில் மொழிபெயர்த்த நாவல். "முதல்ல நீங்க படிங்க, பையனை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள்.

கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் நாலு பக்கம். இரண்டாம் நாள் முப்பது. மூன்றாம் நாள் கொத்தனார் சீனிச்சாமி வந்து வெள்ளை சிமெண்டு கேட்டாராம், நான் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மஞ்சள் டிஸ்டம்பரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் அவர் வந்து, "அண்ணாச்சி, கோயில் சுவரு மஞ்சளா நிக்குது, பூசாரி நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு, பொழைச்சீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே பிரின்ஸ் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தான். என் கண் சிவந்திருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டான். தின்னர் பட்டுவிட்டது என்றேன். அடைத்து வைத்திருந்த தின்னர் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

விஷயம் என்னவென்றால், அந்தக் கதையில் ரோசம்மா என்று ஒரு பெண். காயலில் தோணி விடுகிறவரின் மனைவி. அருமையாகத் தைப்பாள். பம்பாயில் ஒரு நாடகக் கம்பெனிக்கு உடுப்புத் தைக்க ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து, பத்து வயசுப் பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு ரயிலேறிப் போகிறாள். போக வேண்டுமென்று அவளுக்கே ஆசை. புருஷனுக்கு அது தெரியும். ஊரில் எல்லாரும் அவன்தான் பெண்டாட்டியைத் துரத்திச் சம்பாதிக்க விட்டான் என்று பேசுகிறார்கள். அவன் வாயைத் திறப்பதில்லை.

இதைப் படித்ததும் புத்தகத்தை உப்புத்தாள் கட்டுக்கு அடியில் மறைத்துவிட்டேன். உனக்குத் தெரியுமே, இங்கே நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்ன பேசினார்கள் என்று. பிரின்ஸும் அப்படித்தான் நம்புகிறான். நான்தான் உன்னை அனுப்பினேன் என்று. நானும் திருத்தவில்லை. நீயாகப் போக ஆசைப்பட்டாய் என்று தெரிந்தால் அவன் கோபம் உன்மேல் திரும்பும். என்மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டுவிட்டேன். இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்லிவிட்டேன்.

ஆக, அவனுக்கென்று வாங்கிய புத்தகத்தை அவனுக்குத் தெரியாமல் நான் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ கொடுத்த வேலை இந்த லட்சணத்தில் நடக்கிறது.

கர்த்தர் உனக்கு நல்ல உறக்கத்தைத் தருவாராக.

அன்புள்ள
பொன்னுராஜ்.


போடிநாயக்கனூர்,
அக்டோபர் 13, திங்கட்கிழமை.

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

நேற்றுச் சாயங்காலம் பிரின்ஸ் உன்னோடு நாற்பது நிமிஷம் பேசினானே, அது எப்படி என்று நீ இரண்டு தடவை கேட்டாய். நான் அப்புறம் எழுதுகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன். இன்றைக்குக் கடைக்கு யார் வந்தாலும் காத்திருக்கட்டும்.

சனிக்கிழமை மேகமலையில் ஒரு எஸ்டேட்டுக்குப் பெயிண்ட் கொண்டுபோக வேண்டியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கெல்லாம் புதுசாக அடிக்கிறார்கள். நம் ஒச்சாண்டியின் குட்டியானை வண்டியில் முப்பத்தெட்டு டின் ஏற்றினோம். ஒச்சாண்டியை மறந்திருக்க மாட்டாய், உன்னை மதுரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போன அதே டிரைவர். இறக்குவதற்கு ஆள் கிடைக்காததால் பிரின்ஸைக் கூப்பிட்டேன். ஸ்கூல் லீவு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து ஏறினான்.

சின்னமனூர் தாண்டி, செக்போஸ்ட்டில் பெயர் எழுதிவிட்டு மேலே ஏறினோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயரை எழுதிப் பலகை வைத்திருக்கிறார்களே, அதில் ஏழோ எட்டோ தாண்டியதும் ரோட்டின் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது. முந்தின நாள் மழைக்கு வேரோடு சாய்ந்திருக்கிறது. வனத்துறை ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். எங்களுக்குப் பின்னால் எஸ்டேட்டுக்குப் போகிற பஸ்ஸும் வந்து நின்றது.

பிரின்ஸ் போனை எடுத்தான். சிக்னல் இல்லை. வண்டிக்கு முன்னால் நடந்து பார்த்தான், பின்னால் நடந்து பார்த்தான், பாறைமேல் ஏறியும் பார்த்தான். கடைசியில் வந்து உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினான். கையில் வந்தது ரோசம்மா.

நான்தான் அங்கே வைத்திருந்தேன். ஒரு தடவை முடித்துவிட்டு இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தேன். அவன் புத்தகத்தையும் என்னையும் பார்த்தான். "அப்பா, நீங்களா கதைப் புத்தகம் படிக்கிறீக?" என்றான். சிரிப்பு வந்ததை அவனால் மறைக்க முடியவில்லை. நான் கையை நீட்டினேன், கொடு என்று. அதற்குள் ஒச்சாண்டி, "ஏலே பிரின்ஸு, சும்மா கெடக்கிறதுக்கு அதைச் சத்தமா வாசி. எம்புட்டு நேரந்தான் மரத்தையே பார்க்கிறது" என்றான்.

பிரின்ஸ் தமிழை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கிறான், பத்து வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்த பலன். ஆனாலும் வாசித்தான். தோணிக்காரர் மழையில் ஒரு கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு போய், மாப்பிள்ளையைத் தவறான கரையில் இறக்கிவிடுகிற இடம் வந்தது. ஒச்சாண்டி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். பஸ்ஸில் உட்கார்ந்து அலுத்துப்போன சனம் இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நின்றுகொண்டது. பெரும்பாலும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள். அவர்களோடு ஒரு பிள்ளை, திரிஷா என்று பெயர், சின்னமனூரில் ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் ஒன் படிக்கிறாளாம், லீவுக்கு அம்மாவோடு வீட்டுக்குப் போகிறாள். நாலைந்து தடவை பிரின்ஸ் தடுக்கிய இடத்தில் எடுத்துக் கொடுத்தாள். ஆறாவது தடவை, "குடுங்க, நான் வாசிக்கிறேன். நீங்க வாசிச்சா மரத்தை எடுத்துருவாக, கதை முடியாது" என்று வாங்கிக்கொண்டாள்.

அவள் வாசித்த அழகை நீ கேட்டிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு குரல். ரோசம்மாவின் மாமியாருக்கு ஒரு மூக்குக் குரல். டீ எஸ்டேட் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிரின்ஸ் டின்கள்மேல் ஏறி உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக் கேட்டான்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்த அத்தியாயம் ரயிலேறுகிற அத்தியாயம். டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டேன். டீக்கடையே இல்லாத காட்டில் நின்றுகொண்டு கேட்டேன். ஒச்சாண்டி, "அண்ணாச்சி, பேசாம இருங்க. அந்தப் பொம்பளை ரயிலேறுதாளா இல்லையான்னு தெரியணும்" என்று அதட்டிவிட்டான்.

ரோசம்மா ஏறிவிட்டாள். பிள்ளை தூங்கும்போது அவன் சட்டைக்குப் பித்தான் வைத்துத் தைத்துவிட்டு, விடியலில் தோணியில் போய், ஸ்டேஷனில் திரும்பிப் பார்க்காமல் ஏறுகிறாள். திரிஷா அந்த இடத்தில் குரல் எதுவும் மாற்றவில்லை. தன் குரலிலேயே மெதுவாக வாசித்தாள். மரம் அறுக்கிற சத்தம் மட்டும்.

அப்புறம் பிடித்துக்கொண்டது சண்டை. ஒரு பெண், "பெத்த புள்ளையை விட்டுட்டுப் போறவ என்ன தாயி" என்றாள். ஒச்சாண்டி, "அவளா எங்க போனா, புருஷன்காரன் முடுக்கிவிட்டிருப்பான், காசுக்கு" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். திரிஷாவின் அம்மா அன்னத்தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், "ஏன், அவளுக்குன்னு ஒரு ஆசை இருக்கக் கூடாதா? தைக்கத் தெரிஞ்சவ தைக்கத்தான் போவா. எம்மக நாளைக்கு மெட்ராஸுக்குப் போறேன்னு சொன்னா நான் மறிச்சுக்கிட்டா நிக்கப்போறேன்?" பிரின்ஸ் டின்மேல் இருந்து இறங்கவே இல்லை.

மரத்தை எடுத்து அரை மணி நேரம் ஆகியும் ஒருத்தரும் நகரவில்லை. வனத்துறை கார்டு வந்து விசில் ஊதினார். "இன்னும் ரெண்டு பக்கந்தான் சார்" என்றாள் திரிஷா. அவரும் நின்று கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

எஸ்டேட்டில் போய் இறங்கியதும் பிரின்ஸ் புத்தகத்தோடு ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். முப்பத்தெட்டு டின்னையும் நானும் ஒச்சாண்டியும் இறக்கினோம். இடுப்பு இன்னும் வலிக்கிறது. அவனை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

நேற்று ஆராதனை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டான். மூன்றரை மணிக்கு வெளியே வந்தான். புத்தகம் முடிந்திருந்தது. நான் மீன்குழம்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தேன். வந்து அடுப்படியில் நின்றான்.

"அப்பா, அந்தத் தோணிக்காரர் ஒரு லூசு."

ஏன்டா என்றேன்.

"ஊரே தப்பாப் பேசுது. அந்தப் பையன் இருபது வருசம் அப்பா மேல கோபமா இருக்கான். அம்மாவுக்கே போக ஆசை இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா அவன் அம்மா மேலயில்ல கோபப்படுவான்" என்றேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் கேட்டான். "அம்மாவும் தானாத்தான் போனாகளா?"

ஆமா என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே நீ ஆஸ்பத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டே காலை நாலரைக்கு எழுந்து அந்தப் பாஷையைப் படித்தது, அரிசி டிரம்மின் மூடியில் சாக்பீஸால் வார்த்தை எழுதி வைத்தது, முதல் பரீட்சையில் தோற்றதை யாருக்கும் சொல்லாமல் மறுபடி எழுதியது, வேலைக்கு வரச் சொல்லி அங்கிருந்து கடிதம் வந்த அன்றைக்குச் சந்தோஷத்தில் உனக்குக் காய்ச்சலே வந்தது, அவன் பரீட்சை முடிகிற வரைக்கும் தள்ளிப் போட மூன்று தடவை கேட்டும் அவர்கள் முடியாது என்றது, எல்லாம்.

பிரின்ஸ் வெளியே போய்க் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது. தின்னரா என்று கேட்கலாம் போலிருந்தது, கேட்கவில்லை. "எட்டு ஒன்பது மாசமா உங்ககூட வீணாச் சண்டை போட்டிருக்கேன்" என்றான். "அம்மா மேல எனக்கு ஏன் கோபம் வரணும்? அவுக பரீட்சையில பெயிலாயிட்டு மறுபடி எழுதியிருக்காக. என்கிட்ட சொல்லியிருந்தா நானே அவுகளுக்கு வார்த்தை கேட்டுப் பழக்கியிருப்பேன்ல." அப்புறம் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "தள்ளுங்க, அடி பிடிக்குது" என்றான்.

அதற்கு அடுத்துதான் உனக்குப் போன் வந்தது. நீ அங்கே அழுததும் அவன் இங்கே அழுததும், அப்புறம் இருவரும் ஜெர்மன் வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் எனக்குக் கேட்டது. நம் வீட்டுச் சுவர் அப்படி. முதல் தடவையாக அது நல்லதென்று நினைத்தேன்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கு இன்று வேறொன்றும் எழுத வரவில்லை.

அன்புள்ள
பொன்னுராஜ்.


போடிநாயக்கனூர்,
டிசம்பர் 6, சனிக்கிழமை.

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

உனக்கு எங்கள் இருவருடைய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இது போய்ச் சேரும்போது பண்டிகை நெருங்கியிருக்கும். நட்சத்திரம் கட்டியாயிற்று. பிரின்ஸும் நானும் நேற்று முறுக்குச் சுட்டோம். பார்க்க முறுக்கு மாதிரி இல்லை, வாயில் போட்டால் முறுக்குதான்.

கடையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பிரைமர் டின் அடுக்குகிற இரண்டு தட்டைக் காலி பண்ணிவிட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பிரின்ஸின் வேலை. உன் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டான், கோபிக்காதே. உன் நாவல்கள் எல்லாம் இப்போது கதவுக் கொண்டிக்கும் தாழ்ப்பாளுக்கும் பக்கத்தில் இருக்கின்றன. நானும் அவனும் தேனிக்குப் போய் இன்னும் கொஞ்சம் வாங்கினோம். வங்காளத்தில் ஒரு துப்பறிகிறவர் கதை, மராட்டியில் ஒரு பேய்க் கதை, இங்கிலீஷிலும் நாலைந்து, தமிழில் நிறைய. எல்லாம் நம் நாட்டு ஆட்கள் எழுதியது. டேபிள் ஃபேனுக்கு அடியில் கிடந்ததையும் எடுத்துவிட்டான். நன்றாகத்தான் இருக்கிறதாம், முதல் அறுபது பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

அவன் கிளாஸ் பிள்ளைகள் சாயங்காலம் டியூஷனுக்குப் போகிற வழியில் வந்து எடுத்துப் போகிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை. ஒச்சாண்டிக்குக் கதை சொல்ல வேண்டும், முடிவைத் தவிர. கடை வாசலில் வண்டியோடு சரக்குக்காகக் காத்திருக்கிற நேரத்தில் அவனுக்கு வேறு வேலை இல்லை. கேட்டுவிட்டு அவன் "அப்புறம்?" என்று கேட்டால்தான் அடுத்த புத்தகம். கொட்டாவி விட்டால் அந்தப் பிள்ளை மறுபடி படித்துவிட்டு வர வேண்டும். நேற்று நதியா என்ற பெண் சொன்ன பேய்க் கதைக்கு ஒச்சாண்டி "அப்புறம்?" கேட்கவில்லை, "போதும் ஆத்தா" என்றான். அவளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்தோம். எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள் என்று நினைக்காதே. பாதிப் பேர் இன்னும் போனோடுதான் நிற்கிறார்கள். ஆனால் கதை சொல்கிற நேரத்தில் அவர்களும் கிட்டத்தில் வந்து நிற்கிறார்கள். முடிவு தெரியாததால் திட்டுகிறார்கள்.

திரிஷா மாதம் ஒரு தடவை அம்மாவோடு வருகிறாள். போன தடவை வந்தபோது, "அங்கிள், கதையில மலைக்கு வர்றவுக எல்லாரும் டூரிஸ்ட்டாவே இருக்காக. எங்க லைன் வீட்டுல இருக்கிறவுகளைப் பத்தி யாரும் எழுதலையா?" என்று கேட்டாள். தேடிப் பிடித்து இரண்டு புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றைப் படித்துவிட்டு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் எழுதியவர் தப்பு விட்டிருக்கிறார் என்று ஓரத்தில் பென்சிலால் திருத்தியிருக்கிறாள். பிரின்ஸ் அதற்கு எதிர்த்து ஏதோ எழுத, அவள் அதற்குப் பதில் எழுத, ஓரம் போதாமல் தாள் ஒட்டியிருக்கிறார்கள். படிக்கிற மற்றப் பிள்ளைகள் முதலில் ஓரத்தைத்தான் படிக்கிறார்கள்.

பிரின்ஸ் இன்னமும் அந்தப் பனிக்கோட்டைக் கதைகளைப் படிக்கிறான். படிக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். நெருப்புக் கக்கும் பறவைக்கும் ரோசம்மாவுக்கும் சண்டை ஒன்றும் இல்லையாம், அவன்தான் சொன்னான்.

இனி உன் விஷயம். அவன் இப்போது வாய் நிறையப் பேசுவதால் உடனே புறப்பட்டு வந்துவிட வேண்டும் என்று இன்னும் அதிகமாகத் தோன்றுகிறது என எழுதியிருக்கிறாய். அவன் பேசாதபோதும் வரத் தோன்றியது, பேசும்போதும் வரத் தோன்றுகிறது. பெற்றவள் அப்படித்தான் இருப்பாள். பிரின்ஸ் உனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறான். நான் படிக்கவில்லை, மடிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. "பரீட்சை எழுதாம வந்தீகன்னா நான் கதவைத் திறக்க மாட்டேன்" என்று இருந்தது. பேச்சுத் தமிழில் எழுதியிருக்கிறான், திருத்தாதே.

அவன் சொல்வதையே நானும் சொல்கிறேன். பிப்ரவரியில் பரீட்சையை எழுது. முதல் தடவை தவறினால் இரண்டாவது தடவை எழுது. ஏப்ரலில் லீவு கிடைக்கும்போது வா. ஒச்சாண்டி மதுரைக்கு வண்டி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டான். முன் சீட்டில் நீயும் பிரின்ஸும் உட்கார்ந்து பேசிக்கொண்டே வாருங்கள். நான் பின்னால் உன் பெட்டிகளோடு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை இரண்டாவது தடவையாக எழுதுகிறேன். முதலில் எழுதியதில் என்னைப் பற்றி ஒரு வரி வந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிறவள் அதைப் படித்தால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள் என்று தோன்றியதால் கிழித்துவிட்டேன். ஏப்ரலில் கேள், சொல்கிறேன்.

நீ பரீட்சை எழுதுகிற நாளில், அங்கே உனக்கு விடியும்போது இங்கே எங்களுக்கு மதியம். அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு நானும் பிள்ளையும் ஜெபத்தில் இருப்போம். நிதானமாக எழுது. உன்னை அங்கே கொண்டுபோனவர் உன் கையைப் பிடித்து நடத்துவாராக. உன் நினைவும் உன் பேச்சும் தெளிவாயிருப்பதாக. அந்தக் குளிரில் உன் கால் சறுக்காதிருப்பதாக.

என்றும் உன்
பொன்னுராஜ்.